எந்தப் பட்டத்துக்கு எந்த வேலை: வடசென்னையிலிருந்து விலங்கறிவியல்

பிளஸ் டூவில் உயிரியல் எடுத்த பிள்ளை இருக்கும் வீட்டில் மே மாதம் ஒரே பேச்சுதான். நீட் மார்க் எம்.பி.பி.எஸ்ஸுக்கு எட்டுமா? எட்டாவிட்டால் பல் மருத்துவம், நர்சிங், பிசியோதெரபி. அதுவும் அமையாவிட்டால் பக்கத்துக் கல்லூரியில் ஏதாவது ஒரு பி.எஸ்சி. கால்நடை, மீன், பால் சம்பந்தப்பட்ட படிப்புகள் இந்தப் பட்டியலின் அடியில்தான் வரும், அதுவும் "மாட்டு டாக்டருக்கா?" என்ற இழுப்போடு. ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் இருந்துகொண்டு இப்படி இழுப்பதுதான் வேடிக்கை. தமிழ்நாட்டில் இந்தத் துறையின் தலைமைப் பல்கலைக்கழகம் மாதவரம் பால்பண்ணையில் இருக்கிறது, 1989-இல் தொடங்கியது. 1903-இல் ஆரம்பித்த சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில். மீன்வளக் கல்லூரி ஒன்று பொன்னேரியில். உணவு, பால்வளத் தொழில்நுட்பக் கல்லூரி செங்குன்றம் தாண்டி, அலமாதி பக்கம் கோடுவெளியில். காசிமேடு மீன்பிடித் துறைமுக வளாகத்துக்குள்ளேயே இந்திய மீன்வள அளவைத் துறையின் சென்னைத் தளம். ஊர்விட்டு ஊர் போய் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறார்கள் மற்ற மாவட்டத்துப் பிள்ளைகள். உங்களுக்கு இவையெல்லாம் ஒரு பஸ் தூரம்.

"எனக்கு நாய்க்குட்டி என்றால் உயிர்" என்று சொல்லி இந்தப் படிப்பைக் கேட்கிறவர்கள் நிறைய. அந்த ஆசை இருக்கட்டும். அதற்கு முன் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு: எந்த வேலைக்கு எந்தப் பட்டத்தை விதி ஏற்கிறது என்பது. விலங்கு சார்ந்த வேலைகள் பலவற்றில் ஆளின் திறமையைப் பார்ப்பதற்கு முன் பட்டத்தின் பெயரைத்தான் பார்க்கிறார்கள். பதினேழு வயதில் தவறான பெயரைத் தேர்ந்துவிட்டால், இருபத்தைந்து வயதில் விண்ணப்பத்தின் முதல் பக்கத்தைத் தாண்ட முடியாது. இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

நான்கு பட்டங்கள்

முதலாவது பி.வி.எஸ்சி. ஏ.எச்., அதாவது கால்நடை மருத்துவமும் கால்நடை பராமரிப்பும் சேர்ந்த பட்டம். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் அனிமல் சயன்ஸ் என்று தனிப் பட்டம் உண்டு. தீவனம், இனப்பெருக்கம், மரபியல், பண்ணை நிர்வாகம் எல்லாம் அதில் வரும், மருத்துவம் வேறு கல்லூரியில். நம் நாட்டில் அந்தப் பாடங்களில் பெரும்பகுதி இந்த ஒரே பட்டத்துக்குள் அடக்கம். இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சிலின் 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி ஐந்தரை ஆண்டுகள்: நாலரை ஆண்டு வகுப்பு, ஒரு ஆண்டு உள்ளுறைப் பயிற்சி. முதல் ஆண்டில் மாட்டின் எலும்பும் நரம்பும், உடலியங்கியல், உயிர்வேதியியல். பிறகு நுண்ணுயிரியல், நோய்க்குறியியல், ஒட்டுண்ணியியல், மருந்தியல். கடைசியில்தான் சிகிச்சையும் அறுவையும். நாய்க்குட்டியைத் தடவிக்கொடுக்க முதல் இரண்டு ஆண்டுகளில் அதிகம் வாய்ப்பில்லை. சாணி, தீவனக் கணக்கு, மைக்ராஸ்கோப், இவற்றோடுதான் குடித்தனம்.

சேர்க்கையில் நிறைய பேர் குழம்பும் இடம் இது: மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு நீட் கிடையாது. பிளஸ் டூவில் உயிரியல், இயற்பியல், வேதியியலில் வாங்கிய மார்க்கை வைத்துப் பல்கலைக்கழகமே தரவரிசை போடுகிறது. அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகும் 15 சதவீத இடங்களுக்கு மட்டும்தான் நீட் தரவரிசை. டாக்டர் சீட் கிடைக்காதவர்களுக்கு ஆறுதல் பரிசு என்று இதை நினைப்பவர்கள் முந்தைய ஆண்டின் கட்-ஆஃப் பட்டியலை ஒருமுறை எடுத்துப் பார்க்கட்டும், அந்த நினைப்பு அங்கேயே போய்விடும். அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி 7.5 சதவீத உள்ஒதுக்கீடு கால்நடை மருத்துவத்துக்கும் மீன்வளத்துக்கும் சேர்த்தே உண்டு. தண்டையார்பேட்டையிலும் எண்ணூரிலும் மாநகராட்சிப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு இது பெரிய விஷயம். தெரியாமலே விட்டவர்கள் பலர்.

இரண்டாவது பி.எஃப்.எஸ்சி., மீன்வள அறிவியல், நான்கு ஆண்டு. நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்டு 2012-இல் தொடங்கிய தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிறது. தூத்துக்குடிக் கல்லூரிதான் மூத்தது, 1977. உங்களுக்குப் பக்கம் பொன்னேரி. மீனவர் குடும்பப் பிள்ளைகளுக்குத் தனி இடங்களும் வைத்திருக்கிறார்கள்.

மூன்றாவது பி.டெக். பால்வளத் தொழில்நுட்பமும் உணவுத் தொழில்நுட்பமும் கோடுவெளியில். கோழியினத் தொழில்நுட்பம் ஓசூர் பக்கம் மத்திகிரியில். மீன்வளப் பல்கலைக்கழகத்தின் உணவுத் தொழில்நுட்பக் கல்லூரி ஒன்று மாதவரத்திலேயே இருக்கிறது. இவற்றுக்குக் கணிதமும் வேண்டும், அதனால் உயிரியலோடு கணிதம் எடுத்த பிள்ளைகளுக்குத்தான் பொருந்தும். ஆட்டையும் மாட்டையும் தொட விருப்பமில்லை, ஆனால் பால் எப்படிப் பதப்படுகிறது, பாக்கெட் ஏன் உப்புகிறது என்பதில் ஆர்வம் உண்டு என்கிறவர்களுக்கு இது நல்ல வழி. மாதவரம் ஆவின் பண்ணையின் ஆய்வகத்திலும் தனியார் பால், ஐஸ்கிரீம் ஆலைகளிலும் தேடுவது இந்தப் படிப்புக்காரர்களைத்தான்.

நான்காவது பி.எஸ்சி. விலங்கியல். மூன்று ஆண்டு, எங்கும் கிடைக்கும், செலவு குறைவு. இதைப் பற்றிக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதிகம் ஏமாறுவதும் எதிர்பாராமல் பிழைத்துக்கொள்வதும் இந்தப் பட்டம் எடுத்தவர்கள்தான். ஒரு எச்சரிக்கை மட்டும் இப்போதே. பாரதிதாசன் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் அனிமல் சயன்ஸ் என்ற பெயரிலேயே எம்.எஸ்சி. உண்டு. நல்ல ஆராய்ச்சிப் படிப்பு அது. ஆனால் படித்து முடித்து ஒரு கோழிக்குக்கூட ஊசி போட்டுப் பணம் வாங்க முடியாது. 1984-ஆம் ஆண்டு இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி, பி.வி.எஸ்சி. முடித்துக் கவுன்சிலில் பதிவு செய்தவர்தான் மருத்துவம் பார்க்கலாம், சான்றில் கையெழுத்துப் போடலாம்.

காசிமேட்டில் ஒரு மீனுக்குப் பின்னால் எத்தனை பேர்

துறைமுகம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மீனைப் பற்றிப் பாடம் சொல்ல வேண்டியதில்லை. லாஞ்சு வந்து சேரும் நேரம், ஏலம், ஐஸ் பெட்டி எல்லாம் அத்துப்படி. தெரியாமல் போவது, அந்த மீன் கன்டெய்னரில் ஏறி வெளிநாடு போக நடுவில் எத்தனை பேர் சோதிக்கிறார்கள் என்பது. வேலை அங்கேதான் இருக்கிறது.

சூரை மீனை எடுத்துக்கொள்ளுங்கள். திருவொற்றியூர் குப்பத்தில் சூரைக்காகவே ஒரு மீன்பிடித் துறைமுகம் கட்டியிருக்கிறார்கள். சூரையின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். பிடித்த மீன் வெயிலில் கிடந்தால், பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். அந்த மீனைச் சாப்பிட்டால் முகம் சிவந்து, தடிப்பு தடிப்பாக வந்து, தலைவலியும் வாந்தியும் வரும். ஒருமுறை உருவான ஹிஸ்டமினை அழிக்க முடியாது. வேகவைத்தாலும் போகாது, டின்னில் அடைத்தாலும் போகாது, மைனஸ் இருபதில் உறையவைத்தாலும் போகாது. தடுக்கிற ஒரே இடம் படகு. பிடித்த உடனே ஐஸ். ஐரோப்பிய ஒன்றியம் ஒரு சரக்கிலிருந்து ஒன்பது மாதிரி எடுத்துச் சோதிக்கச் சொல்கிறது. சராசரி கிலோவுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டினால் சரக்கு போகாது. ஆக, சூரை ஏற்றுமதி செய்கிற ஒவ்வொரு கம்பெனிக்கும் மாதிரி எடுக்க ஒருவர், ஆய்வகத்தில் அளக்க ஒருவர், படகுக்காரருக்கும் ஏஜென்டுக்கும் ஐஸ் கணக்குப் புரியவைக்க ஒருவர், இதையெல்லாம் காகிதத்தில் கொண்டுவர ஒருவர் வேண்டும். பி.எஃப்.எஸ்சி. முடித்தவர்கள் முதல் வேலையாகப் போகும் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவு இதுதான். மூன்றாவது ஆள் வேலைக்கு மீனவர் வீட்டுப் பிள்ளையைவிடப் பொருத்தமானவர் கிடையாது. படகில் நின்று பேசத் தெரியாத பட்டதாரி அங்கே பத்து நிமிடம்கூடத் தாக்குப்பிடிக்க மாட்டார்.

இறால் கதை இன்னும் கறார். குளோராம்பெனிகால், நைட்ரோஃப்யூரான் போன்ற மருந்துகளின் எச்சம் இருந்தால் ஐரோப்பாவும் அமெரிக்காவும் ஜப்பானும் சரக்கைத் திருப்பி அனுப்பிவிடும். அதனால் குளத்தில் இறால் இருக்கும்போதே மாதிரி எடுத்து, கடல்பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையத்தின் எலிசா ஆய்வகங்களில் சோதிக்கிறார்கள். பொன்னேரி, கும்மிடிப்பூண்டி பக்கம் இறால் பண்ணைகள் இருக்கின்றன. குளத்து நீரின் உப்பு, காரத்தன்மை, ஆக்சிஜன் அளவை விடியற்காலையில் எழுந்து பார்க்கும் டெக்னீஷியன் வேலை கௌரவமாகத் தெரியாது. ஆனால் இறால் குஞ்சு, தீவனம் விற்கும் கம்பெனிகளின் கள மேலாளர்கள் பலர் அந்த வேலையிலிருந்து மேலே வந்தவர்கள்தான்.

இன்னொரு வேலை பலருக்குக் காதில் விழுந்ததே இல்லை. இந்தியாவில் இப்போது பெரும்பாலும் வளர்க்கப்படும் வனாமி இறால் நம் கடலைச் சேர்ந்ததில்லை. 2009-இல் அதை அனுமதித்தபோது ஒரு நிபந்தனை வைத்தார்கள்: வெளிநாட்டிலிருந்து வரும் தாய் இறால் எல்லாம் சென்னை நீலாங்கரையில் உள்ள நீர்வாழ் உயிரினத் தனிமைப்படுத்தல் நிலையத்தில் இருந்து, நோய் இல்லை என்று தெரிந்த பிறகுதான் குஞ்சுப் பொரிப்பகங்களுக்குப் போக வேண்டும். நாட்டுக்கே அது ஒரு வாசல். அங்கே மரபணுச் சோதனை செய்யும் ஆய்வக ஆட்கள் மீன்வளம், நுண்ணுயிரியல், விலங்கியல் படித்தவர்கள்.

ஆமை விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம், அது வியாபாரத்தோடு பின்னிக்கிடக்கிறது. 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. இழுவலையில் மாட்டி, மூச்சுவிட மேலே வர முடியாமல் மூழ்கிச் செத்தவைதான் அவற்றில் அதிகம் என்று சொன்னது உடற்கூறாய்வு. அதைச் செய்வது கால்நடை மருத்துவர்கள். வலையில் ஆமை தப்பிக்கும் கருவி இல்லை என்ற காரணத்தைச் சொல்லி, கடலில் பிடித்த இந்திய இறாலை அமெரிக்கா 2019-இலிருந்து வாங்குவதில்லை. ஒரு ஆமையின் நுரையீரலில் என்ன இருந்தது என்று எழுதுகிறவரும், கருவியை வலையில் பொருத்திப் பார்த்து எவ்வளவு இறால் நழுவுகிறது என்று அளக்கும் மீன்பிடித் தொழில்நுட்பக்காரரும், காசிமேட்டுச் சங்கங்களோடு உட்கார்ந்து பேசும் மீன்வளத் துறை அதிகாரியும் ஒரே பிரச்சினையின் மூன்று முனையில் இருக்கிறார்கள். மூவருக்கும் பட்டம் வேறு.

டிகிரியே வேண்டாம், கடலுக்குப் போகும் சான்றிதழ் போதும் என்கிறவர்களுக்கும் ராயபுரத்தில் இடம் உண்டு. மத்திய அரசின் மீன்பிடிக் கப்பல் மற்றும் பொறியியல் பயிற்சி நிறுவனமான சிஃப்னெட்டின் சென்னைக் கிளை அங்கேதான். பத்தாம் வகுப்பில் கணிதத்திலும் அறிவியலிலும் தனித்தனியே 40 சதவீதம் இருந்தால், கலம் ஓட்டுவதற்கும் கப்பல் இயந்திரத்துக்கும் இரண்டு ஆண்டுப் படிப்புகள். அடுத்த தெருவில் இருந்துகொண்டே பலர் இதைக் கேள்விப்படாமல் இருப்பது எனக்குப் புரிவதே இல்லை.

ஆட்டுத்தொட்டியிலிருந்து அயல்நாட்டுத் தோல் வரை

கால்நடை மருத்துவர் என்றால் கிளினிக் வைத்து உட்காருபவர் என்ற படம் மாற வேண்டும். வடசென்னையில் அவர் கையெழுத்துப் போடும் இடங்களை எண்ணிப் பாருங்கள்.

பெரம்பூர் ஆட்டுத்தொட்டியில் வெட்டுவதற்கு முன் ஆட்டையும் மாட்டையும் உயிரோடு பரிசோதித்து, வெட்டிய பிறகு ஈரல், நுரையீரல், நிணநீர்க் கட்டிகளைப் பார்த்து முத்திரை குத்துவது மாநகராட்சியின் கால்நடை மருத்துவர். அதிகாலை வேலை, ரத்த வாடை, புகழ் கிடையாது. காசநோயும் நாடாப்புழுவும் உங்கள் ஞாயிற்றுக்கிழமைச் சட்டிக்கு வராமல் இருப்பதற்கு அந்தக் கத்தியும் கண்ணும்தான் காரணம்.

தெருநாய் பற்றி ஊரே சண்டை போடுகிறது. 2024 கணக்கெடுப்பில் சென்னையில் சுமார் 1.8 லட்சம் தெருநாய்கள். 2023-இல் வந்த புதிய விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி பிடித்து, கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். புளியந்தோப்பு போன்ற மையங்களில் நாள் முழுக்க ஒரே அறுவை சிகிச்சையைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். புதிதாகப் பட்டம் வாங்கியவருக்குக் கை தேர இதைவிட நல்ல இடம் இல்லை. மனசு சலித்துப்போகவும் இதைவிட நல்ல இடம் இல்லை. ஓரிரு வருடம் இருந்துவிட்டு மேற்படிப்புக்குப் போவது நல்லது என்பது என் அபிப்பிராயம்.

மொட்டைமாடிகளில் புறா வளர்க்கும் ஊர் இது. பந்தயப் புறா ஒன்றின் கழுத்து திருகிக்கொண்டால் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கியவர் மனிதருக்கான மருந்துக்கடையில் ஏதோ ஒரு மாத்திரையை வாங்கி நசுக்கிக் கொடுக்கிறார். அது வைரஸ் நோய். மாத்திரை ஒன்றும் செய்யாது, முன்கூட்டியே போடும் தடுப்பூசிதான் வழி. பறவை மருத்துவத்தில் மேற்படிப்பு முடித்த ஒருவர் ராயபுரத்தில் போர்டு மாட்டினால் கூட்டம் வரும். இதேபோல கொளத்தூரின் வண்ண மீன் வியாபாரம். தொட்டித் தொட்டியாக மீன் சாகும்போது கடைக்காரர் உப்பையும் நீல மருந்தையும் நம்புகிறார். மீன் நோய் படித்தவர்கள் அங்கே ஆலோசகராகவே பிழைக்கலாம். ஆனால் ஏனோ எல்லோரும் அரசு வேலைக்கே காத்திருக்கிறார்கள்.

துறைமுகத்துக்குள்ளும் வேலை உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் பதனிடும் ஆலைகளுக்கு வெளிநாட்டிலிருந்து தோல் கப்பலில் வருகிறது. செல்லப்பிராணி உணவு, பால் பொருள், இறைச்சிப் பொருள் எல்லாம் வரும். 1898-ஆம் ஆண்டு கால்நடை இறக்குமதிச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது, 2001-இல் திருத்தியிருக்கிறார்கள். அதன் கீழ் மத்திய அரசின் விலங்குத் தனிமைப்படுத்தல் சேவை இயங்குகிறது, அதன் நிலையங்களில் ஒன்று சென்னையில். எந்த நாட்டில் கோமாரி, எந்த நாட்டில் பறவைக் காய்ச்சல், அந்த நாட்டு மருத்துவர் கொடுத்த சான்று சரியா என்று பார்த்து அனுமதிக்கும் அதிகாரிப் பணிக்குக் கால்நடை மருத்துவப் பட்டம் கட்டாயம். வெளிநாட்டிலிருந்து நாயோடு வந்து இறங்குகிறவருக்கும் இந்த அலுவலகம்தான். மணலி, மாதவரம் பக்கத்துச் சரக்குப் பெட்டக நிலையங்களில் சுங்க ஏஜென்டுகளிடம் வேலை செய்யும் உங்கள் அண்ணனையோ மாமாவையோ கேளுங்கள். ஒரு சான்றில் ஒரு வரி தவறினால் கன்டெய்னர் எத்தனை நாள் கிடக்கும் என்று கதை கதையாகச் சொல்வார்கள். அந்தக் காகிதங்களை ஒழுங்காகத் தயாரிக்கத் தெரிந்த தனியார் ஆலோசகர்களுக்கும் தேவை இருக்கிறது.

எண்ணூரும் விலங்கியலும்

இப்போது விலங்கியல். உணவுப் பாதுகாப்பு அலுவலர் வேலைக்கு 2011-ஆம் ஆண்டு விதியில் சொன்ன பட்டங்களில் கால்நடை மருத்துவம், பால்வளத் தொழில்நுட்பம், உணவுத் தொழில்நுட்பம், உயிரித் தொழில்நுட்பம், நுண்ணுயிரியல், உயிர்வேதியியல் எல்லாம் உண்டு, பி.எஸ்சி. விலங்கியல் இல்லை. வங்கிகளின் வேளாண் கள அலுவலர் தேர்வில் கால்நடை மருத்துவம், பால்வளம், மீன்வளம் எல்லாம் செல்லும், விலங்கியல் செல்லாது. இந்த இரண்டையும் நம்பி விலங்கியல் எடுத்தவர்கள் படிவம் நிரப்பும் நாளில்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

அதற்காக ஒதுக்கிவிடவும் வேண்டாம். இந்திய வனப் பணித் தேர்வு எழுத விலங்கியல் போதும். மீன்வளத் துறையின் சார் ஆய்வாளர் பணிக்கு விலங்கியல் பட்டதாரிகள் விண்ணப்பிக்கலாம். பி.எட். முடித்தால் ஆசிரியர் வேலை. இவை தெரிந்தவை. வடசென்னைக்கென்றே இருக்கும் வாய்ப்பு வேறு.

2017 ஜனவரி 28 அதிகாலை, எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு சென்னைப் பெட்ரோலிய ஆலைப் பக்கத்திலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றுக்கும் முகத்துவாரத்துக்கும் வந்தது. கூழைக்கடாக்கள் கறுப்பாக நின்றன. அதே மாதம் 26-ஆம் தேதி இரவு பெரியகுப்பம் பக்கம் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து மக்கள் வீட்டைவிட்டு ஓடினார்கள், மீன் செத்து மிதந்தது. இந்த ஊர்க்காரர்களுக்கு இதில் எதுவும் புதிதில்லை. ஒவ்வொரு முறையும் மூன்று விதமான ஆட்கள் தேவைப்பட்டார்கள். எண்ணெய் அப்பிய பறவையை உடனே கழுவக் கூடாது. முதலில் சூடு கொடுத்து, உடம்பில் நீர் ஏற்றி, தெம்பு வந்த பிறகுதான் கழுவ வேண்டும். இது தெரிந்த மருத்துவர் ஒருவர். மீன், நண்டு, சேறு எல்லாவற்றிலும் மாதிரி எடுத்து எண்ணெய் அளவைச் சொல்பவர் இன்னொருவர். மூன்றாவது, இந்த முகத்துவாரத்தில் முன்பு என்னென்ன உயிர் இருந்தது, இப்போது எது இல்லை என்று சொல்லக்கூடியவர்.

அந்த மூன்றாவது ஆள்தான் விலங்கியல்காரர். 2006-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி துறைமுகமோ மின் நிலையமோ விரிவாக்கம் கேட்டால் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு செய்ய வேண்டும். அங்கீகாரம் பெற்ற ஆலோசனை நிறுவனங்களில் சூழலியல், பல்லுயிர்ப் பிரிவுக்கென்று ஒரு நிபுணர் இருந்தாக வேண்டும். அங்கே உதவியாளராகச் சேர்ந்து நிபுணராக வளரலாம். அந்த அறிக்கைகள் சிலவற்றைப் படித்தால் எரிச்சல் வரும்: வேறு ஊரின் பறவைப் பட்டியலை அப்படியே வெட்டி ஒட்டியிருப்பார்கள். சேற்றில் வாழும் புழுவையும் சிப்பியையும் நண்டையும் கையில் எடுத்துப் பெயர் சொல்லத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். வகைப்பாட்டியல் பழங்காலப் பாடம் என்று கல்லூரிகள் ஒதுக்கிவிட்டதன் பலன் இது. எண்ணூர் முகத்துவாரத்தில் இறால் தடவும் அம்மாவுக்கு எந்தச் சேற்றில் எந்த உயிர் என்று தெரியும். அந்த அறிவோடு மைக்ராஸ்கோப்பும் ஆய்வுக் கட்டுரை எழுதும் பழக்கமும் சேர்ந்தால், பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையத்திலிருந்து தீர்ப்பாயங்கள் அமைக்கும் குழுக்கள்வரை அந்தப் பிள்ளைக்கு வேலை இருக்கும். எம்.எஸ்சி. கட்டாயம், பி.எஸ்சி.யோடு நிறுத்திவிட்டால் மருந்துக் கம்பெனி விற்பனைப் பிரதிநிதி வேலைதான் முதலில் கூப்பிடும்.

சம்பளம், காத்திருப்பு

கால்நடை உதவி மருத்துவர் பணிக்கு டி.என்.பி.எஸ்.சி. வழி தேர்வு. தொடக்க அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய். 2022 நவம்பரில் 731 இடங்களுக்கு அறிவிப்பு வந்தது. இதைக் கேட்டதும் பெற்றோர் முகம் மலரும். ஆனால் இந்த அறிவிப்பு வருடா வருடம் வருவதில்லை. இடைப்பட்ட காலத்தில் தனியார் கிளினிக், கோழி, தீவன, தடுப்பூசிக் கம்பெனி, பால் நிறுவனம், காப்பீடு என்று ஏதாவது ஒன்றில் இருந்தாக வேண்டும். கிளினிக்கில் உதவியாளராக முதல் வருடம் வாங்கும் சம்பளத்தைக் கல்யாண வீட்டில் சொல்லிக்கொள்ள முடியாது. நாமக்கல், பல்லடம் பக்கம் போகத் தயார் என்றால் கோழித் துறை கொஞ்சம் நன்றாகவே கொடுக்கும். சென்னையை விட்டு நகர மாட்டேன் என்றால் செல்லப்பிராணி மருத்துவம்தான். அதில் பேர் எடுக்க ஐந்தாறு வருடம் பிடிக்கும், அறுவை அல்லது ஸ்கேனில் மேற்படிப்பும் வேண்டும். ராணுவத்தின் ரிமவுண்ட் கால்நடைப் படைப்பிரிவில் சேர்ந்தால் நேராகக் கேப்டன் பதவி. அமெரிக்கா போக வேண்டுமானால் இ.சி.எஃப்.வி.ஜி. என்ற நீண்ட தேர்வுத் தொடர். செலவும் பொறுமையும் கேட்கும். வளைகுடா நாடுகளின் பெரிய பால் பண்ணைகளுக்குப் போகிறவர்களும் உண்டு.

விண்ணப்பிக்கும் முன்

இரண்டு காரியங்களை ஏப்ரல், மே விடுமுறையில் செய்துவிடுங்கள். வேப்பேரி கால்நடை மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவுக்கோ, பக்கம் வேண்டுமானால் மாதவரத்தில் உள்ள பல்கலைக்கழக மருத்துவமனைக்கோ ஒரு காலை முழுக்கப் போய் உட்காருங்கள். வீட்டு நாயையோ பக்கத்து வீட்டு ஆட்டையோ காட்டச் சாக்கு வைத்துக்கொள்ளலாம். மலக்குடலில் கைவிட்டுப் பசுவின் சினையைப் பார்ப்பதையும், மூக்கில் சளி ஒழுகும் கன்றையும், அழுதுகொண்டு நிற்கும் நாய்க்காரரையும் பார்த்த பிறகும் ஆசை இருந்தால் தைரியமாகப் போடலாம். மீன்வளம் என்றால், காசிமேட்டுக்கு விடிவதற்கு முன் போங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், அப்போது விசைப்படகு போகாது. அதற்கு முன்பே போய்விடுவது நல்லது. தெரிந்த ஏற்றுமதி ஏஜென்ட் யாராவது இருந்தால் மீன் பதப்படுத்தும் கூடத்தை ஒருமுறை சுற்றிக்காட்டச் சொல்லுங்கள். உள்ளே குளிரும் குளோரின் வாடையும் ஒத்துக்கொள்கிறதா என்பது முக்கியம்.

விண்ணப்பங்கள் தனித்தனி. கால்நடைப் பல்கலைக்கழகத்துக்கு ஒன்று, மீன்வளப் பல்கலைக்கழகத்துக்கு வேறொன்று, கலைக் கல்லூரிகளுக்கு இன்னொன்று. ஒன்றில் போட்டால் மற்றதற்கும் சேர்ந்துவிடும் என்று நினைக்காதீர்கள். கடைசித் தேதிகளும் வேறு வேறு. கால்நடைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவத்தையும் பி.டெக்.கையும் தனியாக விருப்பம் காட்ட வேண்டும். அகில இந்திய ஒதுக்கீட்டுக்கும் ஆசை இருந்தால், நீட் எழுதிவிட்டுக் கால்நடை மருத்துவக் கவுன்சிலின் கலந்தாய்வுக்குத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். அதை மறந்துவிட்டு மார்க்கோடு வீட்டில் உட்கார்ந்தவர்கள் இருக்கிறார்கள்.

சான்றிதழ்களைத் தேர்வு முடிவுக்கு முன்பே இ-சேவை மையத்தில் கேட்டு வாங்கி வையுங்கள்: சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்று. 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு ஆறாம் வகுப்பிலிருந்து படித்த எல்லாப் பள்ளிகளின் கையெழுத்தும் வேண்டும். நடுவில் பள்ளி மாறியவர்கள் முதலில் இதைத்தான் தொடங்க வேண்டும். மீனவர் ஒதுக்கீட்டில் கேட்பவர்கள் அப்பா அல்லது அம்மாவின் மீனவர் நலவாரிய அட்டை நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் மீன்வளத் துறை அலுவலகத்தில் திருத்த நேரம் பிடிக்கும், அதுவும் தடைக்கால நிவாரணம் கொடுக்கும் மாதங்களில் அங்கே வரிசை நீளம்.